காணாமல் போன ஐந்து லிட்டர் கலங்கல்

பிற்பகல் 2.02 மணிக்கு, நகர மன்றத்தின் கூட்ட அரங்கிலிருந்து ஐந்து லிட்டர் அழுக்குத் தண்ணீர் திருட்டுப் போயிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது.

நல்ல தண்ணீரைத் திருடுகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. குழாயில் ஓட்டை போடுவார்கள், மோட்டார் வைத்து உறிஞ்சுவார்கள், அடுத்த வீட்டுத் தொட்டியில் டியூப் விடுவார்கள். ஆனால் துருவும் மண்ணும் கலந்த செம்மண் நிறத் தண்ணீரை, பூட்டிய அறைக்குள் புகுந்து ஒருவர் மெனக்கெட்டுத் திருடியதை அந்த மன்றம் அதுவரை கண்டதில்லை. அதிலும் திருடியவர் ஜாடியைக் காலியாக விட்டுப் போகவில்லை. பளபளவென்று கழுவி, கழுத்து வரை சுத்தமான தண்ணீர் நிரப்பி, மூடியைத் துடைத்து மூடிவிட்டுப் போயிருந்தார்.

கதவைத் திறந்தவர் அரங்க உதவியாளர். சாவிக்காரர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். முதலில் நுழைந்தவர் தலைவரம்மா. அவருக்குப் பின்னால், குறிப்புப் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி முற்றுப்புள்ளி. அவளுக்குப் பின்னால் ஜாடியின் சொந்தக்காரியான தையல்காரம்மா. நால்வரும் ஓரத்து டீ மேசைக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்கள். உண்ட மயக்கத்தோடு வந்த உறுப்பினர்கள் வாசலிலேயே ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

“இது என் தண்ணி இல்ல,” என்றார் தையல்காரம்மா. “என் தண்ணி இவ்வளவு அழகா இருக்காது.”

அப்புறம் கேட்க வேண்டுமா? ஆளாளுக்குக் கத்தினார்கள். மேசையைத் தட்டினார்கள். ஒருவர் காவல் துறையைக் கூப்பிடச் சொன்னார், இன்னொருவர் மைக்கைக் கேட்டார். இத்தனை களேபரத்திலும் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், பன்னிரண்டாவது வார்டு உறுப்பினர் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் தலையணை என்று பெயர். அவர் விழித்திருந்தால்தான் அது செய்தி.

முற்றுப்புள்ளி தன் இடத்தில் உட்கார்ந்து எழுதினாள்: “2.03. ஜாடியில் உள்ள நீர் தெளிவாக இருப்பதைச் சபை கவனித்தது.”

அவள்தான் மன்றத்தின் குறிப்பெழுத்தாளர். யார் எவ்வளவு நீட்டி முழக்கினாலும் ஒரே வரியில் அடக்கி முடித்துவிடுவதால் உறுப்பினர்கள் வைத்த பெயர் அது. வந்த நேரம், போன நேரம், கை தூக்கிய நேரம் எல்லாம் நிமிடக் கணக்கில் அவள் புத்தகத்தில் இருக்கும். பத்தொன்பது வருடங்களில் அவள் எழுதிய ஒரு வரியைக்கூட யாரும் திருத்தியதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சநஞ்சம் இல்லை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள், அவ்வளவுதான்.

காலையில் நடந்தது இது. இந்த வருடம் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும். மேட்டுத் தெருவின் மக்கிப்போன குழாயை மாற்றுவதா, பூங்காவில் பாட்டுக்கு ஆடும் நீரூற்று வைப்பதா என்பதுதான் கேள்வி. நீரூற்றுக்காக வரிந்துகட்டிக்கொண்டு நின்றவர் உறுப்பினர்களில் ஒருவரான சோபா கடைக்காரர். குழாய்க்காக வந்தவர் தையல்காரம்மா. ஆஸ்பத்திரி வெள்ளை அங்கிகள் தைத்துத் துவைத்துக் கொடுக்கிறவர். அந்தத் தண்ணீரில் துவைத்த நாற்பது அங்கிகள் செங்கல் நிறத்தில் திரும்பிப் போனதிலிருந்து அவருக்கு வேலை தருவார் இல்லை.

11.40க்கு அவர் ஜாடியைத் தலைவரம்மாவின் மேசையில் வைத்தார். மேட்டுத் தெருவில் மூன்று நாளைக்கு ஒரு முறை, விடியற்காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். அன்று காலை மன்றத்தின் பொறியாளரே நேரில் நின்று பிடித்து, கையெழுத்துப் போட்ட சீட்டு ஒட்டிய ஜாடி அது. தையல்காரம்மா இருபத்தைந்து நிமிடம் பேசினார். நடுவில் யாரும் இருமக்கூட இல்லை.

பேசி முடித்ததும், ஜாடி மேசை விரிப்பைக் கறையாக்குகிறது என்று சோபா கடைக்காரர் ஆட்சேபித்தார். அதைத் தூக்கி ஓரத்து டீ மேசையில், கண்ணாடித் தம்ளர்களுக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் பக்கத்தில் வைத்தார்கள். வழக்கமாக அங்கே உட்கார்ந்திருக்கும் டீ பாத்திரம் அன்று இல்லை. மன்றக் கட்டடத்தின் மேல்தொட்டியைக் கழுவுகிறார்கள், மாலை நான்கு வரை குழாயில் தண்ணீர் வராது, அதனால் டீ கிடையாது என்று கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. தண்ணீருக்காகக் கூடிய கூட்டத்தில் தண்ணீர் இல்லை என்று யாரோ சிரிக்க, தலைவரம்மா முறைத்தார். குடிக்க மட்டும் கேன் இருந்தது. அதுவும் தீர்ந்துவிட்டதாக ஒருவர் புகார் சொல்ல, 12.50க்குச் சாவிக்காரர் புதிய கேன் மாற்றியதை முற்றுப்புள்ளி குறித்திருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பின் வாக்கெடுப்பு, அதுவரை ஜாடியை யாரும் தொடக் கூடாது, அரங்கைப் பூட்டுங்கள் என்று தலைவரம்மா சொல்லிவிட்டு எழுந்தார்.

இப்போது அதே தலைவரம்மா முற்றுப்புள்ளியின் புத்தகத்தை வாங்கி, உரக்கப் படித்தார். முன்னாள் தலைமையாசிரியை. எதைப் படித்தாலும் தேர்வு முடிவு மாதிரி இருக்கும்.

“1.05. உறுப்பினர்கள் அனைவரும் உணவுக்காக வெளியேறினர். 1.06. அரங்கு பூட்டப்பட்டது. சாவி உதவியாளரிடம் இருந்தது.” புத்தகத்தை மூடினார். “எல்லாரும் வெளிய வந்தாச்சு. பூட்டியாச்சு. சாவி ஒருத்தர்கிட்ட. இதுல யோசிக்க என்ன இருக்கு?”

சாவிக்காரர் இடுப்பில் தொங்கிய சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

தலைவரம்மா தீர்ப்பையும் சொல்லிவிட்டார். நான்கு மணிக்கு உதவியாளரின் வேலைநீக்க உத்தரவில் கையெழுத்து. சாட்சிப் பொருள் இல்லாததால் குழாய்த் தீர்மானம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைப்பு. வீட்டில் பிடித்து வைத்த தண்ணீரைக் கொண்டு வரட்டுமா என்று தையல்காரம்மா கேட்டார். அதிகாரி முன்னிலையில் பிடிக்காதது செல்லாது என்று பொறியாளர் தலையைச் சொறிந்தார்.

சாவிக்காரர் முற்றுப்புள்ளியின் அக்கா வீட்டுக்காரர். அலுவலகத்தில் அவளை மேடம் என்பார், வீட்டில் குட்டி என்பார். அந்த வேலை போனால் குடியிருக்கும் அரசு வீடும் போகும். சொந்தக்காரி என்பதாலேயே அவளால் ஒரு வார்த்தை பரிந்து பேசவும் முடியாது. 2.15க்கு அக்கா தொலைபேசியில் வந்துவிட்டாள். அந்த ஊரில் செய்திக்கு மட்டும் எந்தக் குழாயும் அடைத்துக்கொள்வதில்லை.

“அவரு ஒரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டாரு. நீ அங்க உக்காந்து என்ன பண்ற?” என்றாள் அக்கா.

“எழுதிக்கிட்டிருக்கேன்.”

“எழுதினது போதும்,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முற்றுப்புள்ளி எழுந்தாள். குறிப்பை முடிக்க விவரம் போதவில்லை, ஒரு மணி நேரம் வேண்டும் என்று தலைவரம்மாவிடம் கேட்டாள். குறிப்பு என்றதும் அவர் மறுக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை குறிப்பில் இல்லாதது உலகத்திலேயே இல்லை.

2.25. முதலில் அத்தான்.

“சாவி எங்க இருந்துச்சு?”

“இடுப்புல.”

“எங்க சாப்பிட்டீங்க?”

“ஆபீஸ் டிரைவரோட, வாசப்படியில. கதவு கண்ணுக்கு நேராத்தான்.”

“யாராவது வந்தாங்களா?”

“ஈ காக்கா வரல, மேடம்.”

டிரைவரும் அதையே சொன்னார். ஜன்னல்களில் கம்பி. வேறு வழி கிடையாது.

2.32. பொறியாளர். அவர் கால்சட்டை முழங்கால் வரை ஈரமாக இருந்தது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று குழாய்க் கட்சிக்காரர்கள் குதித்தார்கள். தன் துறையின் மானம் போகாமலிருக்க இவரே தண்ணீரை மாற்றிவிட்டார் என்பது அவர்கள் வாதம். பொறியாளர் பாவம், சாப்பாட்டு நேரம் முழுக்க மேல்தொட்டிக்குள் இறங்கி நின்றிருக்கிறார். தொட்டி கழுவியவர்கள் மூன்று பேர் கூடவே இருந்திருக்கிறார்கள். அவரைக் கணக்கிலிருந்து கழித்தாள்.

2.38. சோபா கடைக்காரர். தண்ணீர் தெளிந்ததால் லாபம் அவருக்குத்தான். ஆனால் சாப்பாட்டு அறையில் அவர் முற்றுப்புள்ளிக்கு எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு பொட்டலத்தை முடித்து, நீரூற்றின் பெருமையைப் பேசிக்கொண்டே இரண்டாவதையும் பிரித்ததை அவளே கண்ணால் பார்த்திருந்தாள்.

“பன்னிரண்டு உறுப்பினர். பன்னிரண்டு பொட்டலம். உங்களுக்கு ரெண்டு எப்படி வந்துச்சு?”

“மேசையில அநாதையாக் கெடந்தது. வீணாப் போகக் கூடாதேன்னு சாப்பிட்டேன். அதுவும் குத்தமா?”

அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

2.45. இனி மனிதர்களைக் கேட்டுப் பயனில்லை என்று அறையைப் பார்க்க ஆரம்பித்தாள். மூலையில் கை கழுவும் தொட்டி. குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. ஆனால் தொட்டியின் வாயைச் சுற்றிச் செம்மண் வளையம் ஒன்று படிந்திருந்தது. ஆக, கலங்கல் இங்கேதான் போயிருக்கிறது. குழாயில் தண்ணீர் இல்லையென்றால், நிரப்பின நல்ல தண்ணீர் எங்கிருந்து வந்தது? கேனைப் பார்த்தாள். பூட்டுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் மாற்றிய புதுக் கேனில் மூன்றில் ஒரு பங்கைக் காணவில்லை. கேனின் குழாய் ஒழுகும் வேகத்துக்கு ஐந்து லிட்டர் பிடிக்கவே பத்து நிமிடம் ஆகும்.

இவ்வளவு நிதானமாக ஒரு திருடனா? சாட்சியை அழிக்க நினைப்பவன் ஜாடியைத் தட்டிவிட்டு, தானாக விழுந்து உடைந்தது என்பான். இவன் கழுவியிருக்கிறான். துடைத்திருக்கிறான். ஒட்டியிருந்த சீட்டு நனையாமல்கூடப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இது கெட்டது செய்கிறவன் வேலையாகவே இல்லையே என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போதுதான் எறும்புகளைப் பார்த்தாள். டீ மேசையின் காலில் ஏறி, சர்க்கரை டப்பாவைக் கண்டுகொள்ளாமல் கடந்து, பக்கத்தில் இருந்த ஒரு தம்ளருக்குள் சாரை சாரையாக இறங்கிக்கொண்டிருந்தன. டப்பாவின் மூடி அழுத்தமாக இருந்தது. தம்ளரில் ஒரு கரண்டி. அடியில் கரையாத சர்க்கரை. சர்க்கரை மேல் செம்மண் வண்டல்.

முற்றுப்புள்ளி அந்தத் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகு நேரம் பார்த்தாள். பிறகு தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்: “தண்ணி திருட வந்தவன் எதுக்குச் சர்க்கரை போட்டுக் கலக்குறான்?”

2.58. மறுபடியும் அத்தானிடம் போனாள். அவர் மாடிப்படிக்கு அடியில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அத்தான், பூட்டுறதுக்கு முன்னாடி உள்ள ஒரு தடவை பாத்தீங்களா?”

அவர் நிமிர்ந்தார். மேடம் என்ற சொல் போய்விட்டது. “எதுக்குப் பாக்கணும் குட்டி? நீதான் எல்லாரும் போயாச்சுன்னு எழுதி முடிச்சிட்டியே.”

அவளுக்குச் சுரீர் என்றது.

புத்தகத்தைப் பிரித்தாள். 1.05 வரி குண்டு குண்டாக, அழகாக இருந்தது. எத்தனை முறை எழுதியிருப்பாள் அந்த வரியை. தலைவரம்மா எழுந்ததுமே கை தானாக எழுதிவிடும். முந்தின கூட்டத்திலும் அதே வரி. அதற்கு முந்தினதிலும். இன்றும் அவள் தலையை நிமிர்த்தவில்லை. யார் போனார்கள், யார் இருந்தார்கள் என்று எண்ணவில்லை. அத்தான் தலைக்கு வந்திருக்கும் ஆபத்தைத் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள்.

இதை யாரிடமும் சொல்லாமல் அத்தானைக் காப்பாற்ற முடியுமா என்று யோசித்தாள். யோசித்தது உண்மை, மறைப்பானேன். பத்தொன்பது வருடப் பெருமை ஒரு நிமிடத்தில் விட்டுப் போகிற சாமான் அல்ல. ஆனால் எப்படிச் சுற்றி வந்தாலும் அந்த ஒரு வரி குறுக்கே நின்றது. அந்த வரி உண்மையென்றால் அத்தான் குற்றவாளி. அத்தான் நிரபராதி என்றால் அந்த வரி பொய்.

3.10. சபை கூடியதும் முற்றுப்புள்ளி எழுந்து நின்றாள். சபையில் அவள் எழுந்து பேசி யாரும் பார்த்ததில்லை என்பதால் சத்தம் தானாக அடங்கியது.

“தலைவரம்மா, ஆள் யாருன்னு தெரிஞ்சுபோச்சு,” என்றாள். “அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நான் எழுதின 1.05 வரி தப்பு. எல்லாரும் வெளிய போகல. நான் பாக்காம எழுதிட்டேன்.”

தலைவரம்மாவின் மூக்குக்கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியது.

முற்றுப்புள்ளி ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்த ஜாடி என்னவென்று சபையில் எல்லாருக்கும் தெரியும். இருபத்தைந்து நிமிடம் கேட்டவர்கள் யாராவது அதைத் தம்ளரில் ஊற்றிச் சர்க்கரை போட்டுக் குடிப்பார்களா? டீ வைக்கிற மேசையில், டீ நிறத்தில், தம்ளருக்கும் சர்க்கரைக்கும் பக்கத்தில் இருந்ததை டீ என்று நம்பி ஒருவர் குடித்திருக்கிறார். அப்படியானால் அவர் தையல்காரம்மா பேசியதைக் கேட்கவில்லை. கதவில் ஒட்டிய அறிவிப்பையும் படிக்கவில்லை. பசியோடும் இருந்திருக்கிறார், ஏனென்றால் அவருடைய பொட்டலம் சோபா கடைக்காரர் வயிற்றில் இருக்கிறது.

“2.02க்குக் கதவு திறந்து நாலு பேர் மட்டும் உள்ள போனோம். மத்தவங்க வாசல்ல நின்னீங்க. ஆனா அப்பவே ஒருத்தர் ரெண்டு நாற்காலியச் சேத்துப் போட்டுத் தூங்கிக்கிட்டிருந்தாரு. அவரு எப்ப உள்ள வந்தாரு? வரவே இல்ல. காலையில வந்தவரு, போகவே இல்ல.”

பன்னிரண்டு தலைகளில் பதினொன்று தூணின் பக்கம் திரும்பின.

தலையணையை எழுப்ப மூன்று பேர் தேவைப்பட்டார்கள். வாக்கெடுப்பு என்று நினைத்து அவர் கையைத் தூக்கினார். வழக்கமாக அந்தக் கையைத் தூக்கிவிடுகிறவர் பக்கத்து இருக்கை சோபா கடைக்காரர்தான். அவர் அவசரமாக அதை இறக்கிவிட்டார்.

“மத்தியானம் டீ குடிச்சீங்களா?” என்று கேட்டாள் முற்றுப்புள்ளி.

தலையணையின் முகம் அஷ்டகோணலாயிற்று. “அத ஏம்மா ஞாபகப்படுத்துற? பொது வாழ்க்கைக்கு வந்து இவ்வளவு மோசமான டீ குடிச்சதில்ல. மூணு கரண்டி சக்கர போட்டும் இரும்பு நாத்தம் போகல. எழுந்து பாத்தா ஒருத்தரும் இல்ல, கதவு பூட்டியிருக்கு. டீ போடுறது சாவிக்காரன், இந்த டீய தலைவரம்மா குடிச்சா அவன் கதி என்ன ஆகும்னு பயந்துபோயிட்டேன். நல்ல மனுசன், நான் தூங்குறப்போ ஃபேனை நிறுத்தாதவன். அதான் கொட்டிட்டு, நல்லாக் கழுவி, தண்ணியாவது இருக்கட்டும்னு கேன்ல பிடிச்சு வெச்சேன்.” சுற்றிலும் பார்த்தார். “ஏன், என்ன ஆச்சு?”

காப்பாற்றப் போய் ஒருவரைக் கழுவிலேற்றப் பார்த்தது தெரியாமல் அவர் கொட்டாவி விட்டார். சபை சிரித்த சிரிப்பில் மைக் கீச்சிட்டது. சாவிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, விட்ட மூச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார்.

சிரிப்பு அடங்குவதற்குள் சோபா கடைக்காரர் எழுந்தார். திருடன் யாராக இருந்தாலும் சாட்சி போனது போனதுதான், குழாய்த் தீர்மானம் அடுத்த வருடத்துக்கே போகட்டும் என்றார்.

அது டீ இல்லை, மேட்டுத் தெருத் தண்ணீர் என்பது தலையணைக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் மெல்ல எழுந்து, தையல்காரம்மாவைப் பார்த்தார். காலையிலிருந்து அந்தப் பெண்மணி அங்கேதான் இருந்தார், அவர் பார்ப்பது இதுவே முதல் முறை.

“ஏம்மா, இதையா நீங்க குடிக்கிறீங்க?”

“ஆமாங்க,” என்றார் தையல்காரம்மா. “நீங்க மூணு கரண்டி சக்கர போட்டுக் குடிச்சீங்க. நாங்க ஏழு மாசமா வெறுமனே குடிக்கிறோம்.”

தலையணை உட்காரவில்லை. “எழுதிக்கம்மா,” என்றார் முற்றுப்புள்ளியிடம். “சாட்சி எங்கயும் போகல. என் வயித்துக்குள்ள இருக்கு.”

3.35. வாக்கெடுப்பு. இந்த முறை தலையணையின் கையை யாரும் தூக்கிவிட வேண்டியிருக்கவில்லை. குழாய்க்கு ஏழு, நீரூற்றுக்கு ஐந்து. தையல்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தலைவரம்மா வேலைநீக்க உத்தரவைக் கிழித்துப் போட்டார். கிழித்த கையோடு முற்றுப்புள்ளியின் பக்கம் திரும்பினார். திறமையைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியாது.

“சபைக் குறிப்புல பாக்காததை எழுதியிருக்கீங்க. ஒரு ஆளோட பொழப்பு போகப் பாத்தது. கண்டனம். நீங்களே எழுதுங்க.”

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். 1.05 வரியின் மேல் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டாள். பத்தொன்பது வருடத்தில் முதல் அடித்தல், பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது.

4.05. அரங்கு காலியானதும் சாவிக்காரர் அவள் மேசைக்கு வந்தார். அழுது முடித்த முகம்.

“என்னால உன் பேர் கெட்டுப்போச்சே குட்டி. உங்க அக்காகிட்ட என்னன்னு சொல்லுவேன்?”

“உங்களால இல்ல அத்தான், என்னாலதான் உங்க பேர் கெட இருந்துச்சு,” என்றாள் அவள். “தங்கச்சிக்கு ஆபீஸ்ல கண்டனம் குடுத்துட்டாங்கன்னு சொல்லுங்க. சந்தோஷமா சொல்லுங்க.”

அவர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார். அவள் புத்தகத்தை மூடி, பூட்டி வைக்கும்படி அவர் கையில் கொடுத்துவிட்டு, ராத்திரிக்குச் சமைக்க வேண்டாம், தான் வாங்கிக்கொண்டு வருவதாக அக்காவிடம் சொல்லச் சொன்னாள்.